ஆகாதவனுக்கு வேண்டியவன்

786
தாராவி, 18-1-1941

தங்கை நஜ்முன்னிசாவுக்கு அண்ணன் மைதீன் பிச்சை சலாம் கூறி எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளை ஷாகுல் ஹமீதும் ரப்பின் கிருபையால் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். மௌத்தான என் பெண்சாதி சுலைகாவின் கபுரில் வெள்ளிக்கிழமை யாரையாவது அனுப்பி ஓதச் சொல்.

ஹஜ்ஜுப் பெருநாள் ஊருக்கெல்லாம் நல்லபடி போனது. எனக்குப் போகவில்லை.

பள்ளிவாசலுக்கு வந்து சேரும் குர்பானித் தோலை ஜமாத்தார் ஏலம் விடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். கூவி விடுகிற ஏலம் இல்லை இது. ஜமாத்தின் ஆள் ஒருவர் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் துண்டுக்கு அடியில் கையை விட்டு, அவர் விரலைப் பிடித்து விலையைச் சொல்ல வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஒருவன் சொன்னது அடுத்தவனுக்குத் தெரியாது. எல்லாரும் சொல்லி முடித்ததும் யார் கை கூடுதலோ அவன் பேரைச் சொல்வார்.

இந்த வருஷம் ஜமாத்தார் அந்த வேலையை உன் மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள். நாணயமான ஆள் என்று கொடுத்தார்கள். எனக்கும் பெருமைதான். வருஷா வருஷம் அந்தத் தோல் என் குடோனுக்குத்தான் வந்திருக்கிறது. இந்தத் தடவை சிராஜுக்குப் போய்விட்டது. ஆம், உன் பக்கத்து வீட்டு பேகத்தின் மாப்பிள்ளை சிராஜ்தான். என் குடோனில் உப்புத் தடவப் பழகியவன். இன்று என் குடோனுக்குப் பின்னாலேயே தகரச் சுவர் ஒட்டி ஷெட் போட்டுத் தோல் பதனிடுகிறான். ஆளும் பேரும் சேர்ந்துவிட்டது.

தோல் போனது போகட்டும். கூடுதலாகச் சொன்னவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஷாகுல் மேல் அதற்காகக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கேள். நான் ஷாகுல் விரலைப் பிடித்தபோது அவன் முகம் கல் மாதிரி இருந்தது. அடுத்தாற்போல் சிராஜ் கையை விட்டான். ஷாகுல் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். ஒன்பது வருஷமாகக் குடோனுக்குள்ளேயே என் கோலி அறையில் படுத்து என் பானையில் சாப்பிடுகிறவன், என் கையைப் பிடித்துச் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துச் சிரிக்கிறான்.

அன்றிலிருந்து எனக்கும் சிராஜுக்கும் பேச்சு இல்லை. ஷாகுல் மட்டும் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறான். நீ ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவான். சின்னாப்பா இதை உனக்கு வாசித்துச் சொல்லும்போது விஷயம் அவர் காதோடு நிற்கட்டும் என்று சொல்.

எனக்காக துஆச் செய்.
மைதீன் பிச்சை


பேட்டை, 4-2-1941

அண்ணன் அவர்களுக்குத் தங்கை நஜ்முன்னிசாவின் சலாம். இங்கே எல்லாருக்கும் உடம்புக்கு நல்லது. உங்கள் உடம்பையும் என் வீட்டுக்காரர் உடம்பையும் பார்த்துக்கொள்ளவும். மதினி கபுருக்கு வாராவாரம் ஆள் போகிறது.

சின்னாப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, மகன் வந்து கொழும்புக்குக் கூட்டிப் போய்விட்டான். அதனால் கடிதம் நின்றுபோகும் என்று நினைக்க வேண்டாம். வாசித்துச் சொல்லவும் எழுதிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. நீங்கள் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு விரலிடுக்கில் கூச்சம் அண்ணன். மெலிந்த கை பட்டால் சிரித்துவிடுவார்கள். கல்யாணம் முடிந்த புதிதில் நானே பயந்துபோனேன், இந்த மனுஷருக்கு என்னவோ கோளாறு என்று. உங்கள் கை உப்பில் காய்த்துத் தடித்த கை. அது பட்டால் யாருக்கும் சிரிப்பு வராது. இதையெல்லாம் சொல்லி எழுத வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதுகிற ஆளுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பேச்சை விட்டுவிட வேண்டாம். பேட்டையில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. தண்ணீர் இறைக்கப் போனால் பேகம் முகத்தில்தான் விழிக்கிறேன்.

நஜ்முன்னிசா சொல்ல எழுதியது


786
தாராவி, 9-3-1941

தங்கை நஜ்முன்னிசாவுக்கு அண்ணன் சலாம். நான் சுகம். உன் மாப்பிள்ளை என்னைவிடச் சுகம். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

கூச்சம் என்று எழுதினாய். நீ உன் மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். சரி, சிரித்ததை விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டவன் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தான். நான் சோறு வடித்து வைத்துக் காத்திருந்தேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நீயே சொல்.

"எங்கவே போனீரு?"

"செம்பூருக்கு மச்சான். சிராஜ் அங்க ஒரு எடம் பாக்கான். தொணைக்கு வான்னான்."

"ரயில்லயா?"

"ஆமா. குர்லாவுல எறங்கி மாறிப் போனோம்."

"டிக்கெட்டு யாரு எடுத்தா?"

"அவந்தான். இதுல என்ன மச்சான் இருக்கு?"

"சாப்பாடு?"

"வரும்போது மாட்டுங்காவுல எறங்கி ஐயர் கடையில காப்பியும் தோசையும்."

"அதுக்கு யாரு குடுத்தா?"

"அது நான் குடுத்தேன்."

"எனக்கு ஒருநாளும் வாங்கிக் குடுத்ததில்லையே?"

"நீங்க குடுக்க விட்டாத்தானே மச்சான்."

சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் படுத்தேன். அவன் பசியில்லாவிட்டாலும் எனக்காக இரண்டு கவளம் சாப்பிட்டிருக்கலாம். குறட்டை விட்டுத் தூங்கினான்.

நான் மறைத்துப் பேசுகிறவன் இல்லை. எனக்குப் பொறாமைதான். சிராஜின் ஷெட்டைப் பார்த்து இல்லை. அவன் இன்னும் பத்து ஷெட் போட்டாலும் நான் விலையில் அடிப்பேன். உன் மாப்பிள்ளை அவன் பக்கத்தில் நிற்கும்போது வேறு ஆளாக இருக்கிறான். குரல்கூட வேறு. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டால், இந்தப் பக்கம் நான் தோலை எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன்.

சந்தையில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. எனக்கு வேண்டியவனுக்கு வேண்டியவன் எனக்கும் வேண்டியவன். எனக்கு ஆகாதவனை யாருக்கு ஆகாதோ, அவனையும் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பேன். இந்தக் கணக்கில் வந்துதான் இந்த ஊரில் நின்றேன். எனக்கு வேண்டியவன் எனக்கு ஆகாதவனோடு கைகோத்துத் திரிந்தால் அவனை எந்தப் பக்கம் வைப்பது? ஒன்று இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். நடுவில் நிற்கிறவனைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நீ எழுது. "சிராஜோடு சேராதே, அண்ணனுக்கு வருத்தம்." இவ்வளவு போதும்.

அண்ணன்
மைதீன் பிச்சை


பேட்டை, 16-4-1941

அண்ணன் அவர்களுக்கு நஜ்முன்னிசாவின் சலாம். சுகம். உங்கள் சுகம் கேட்கிறேன். வெயில் காலம், மோர் குடிக்கவும்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என்ன சொல்லி எழுதச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

நீங்கள் சொன்ன வரியை நான் அவர்களுக்கு எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். கோபப்படாமல் கேளுங்கள். நான் பாவாடை கட்டுகிற வயசில் நீங்கள் மேலத் தெரு மீரான் வீட்டோடு சண்டை போட்டீர்கள். அவர்கள் வீட்டு ஐசாவோடு நான் பேசக் கூடாது என்றீர்கள். அவள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள், நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மறுவருஷம் நீங்களும் மீரானும் கூடி ஒரே வண்டியில் சந்தைக்குப் போனீர்கள். அதற்குள் ஐசாவைக் கட்டிக் கொடுத்து பினாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு மீரான் திரும்பக் கிடைத்தார். எனக்கு ஐசா கிடைக்கவில்லை.

இங்கே வேறு விசேஷம் இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

நஜ்முன்னிசா சொல்ல எழுதியது


786
தாராவி, 25-5-1941

தங்கை நஜ்முன்னிசாவுக்கு அண்ணன் மைதீன் பிச்சையின் சலாம். இவ்விடம் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே சுகம். உன் சுகத்தை எழுது.

ஐசா கதையை எழுதியிருந்தாய். பெண்பிள்ளைகள் விளையாட்டு அது. இது ஆண்கள் காரியம். நீ எழுத மாட்டேன் என்றதால் நானே முடித்துவிட்டேன்.

தரகர் சொரிமுத்துவை உனக்குத் தெரியும், நம் பக்கத்து ஆள், வாய் மூட மாட்டார். இரண்டு வாரத்துக்கு முன்பு அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: "சிராஜ் உப்புல மண்ணக் கலந்து எடையக் கூட்டுறானாமே? ஷாகுலே சொல்லுதான், பக்கத்துல இருந்து பாக்குறவன்." சொரிமுத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "மொதலாளி, நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்று சொல்லிக்கொண்டே நேராக வம்புக்குத்தான் போனார்.

உனக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன். தோல்காரனைத் திருடன் என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வான். மண் கலக்கிறான் என்று சொன்னால் பொறுக்க மாட்டான். மில்டரி பூட்ஸுக்குத் தோல் போகிற காலம் இது. அந்தப் பேர் வந்துவிட்டால் எந்த சேட்டும் அவன் சரக்கைத் தொட மாட்டான்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சிராஜ் சந்துக்குள் வந்து நின்றான். ஷாகுல் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"லேய் ஷாகுல், ஒனக்கு நான் என்னலே செஞ்சேன்?"

"என்னடா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எங்கூடத் தோசை தின்னுட்டு எஞ்சோத்துல மண்ணப் போட்டுட்டியேலே!"

"யாரு சொன்னா? எதைச் சொல்லுத?"

"யாரு சொன்னா என்ன? ஊரே சொல்லுது. இனி எம் மொகத்துல முழிக்காத."

ஷாகுல் முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றான். நான் உள்ளே இருந்து பார்த்தேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கும் போவதில்லை. நானே மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தேன். கணக்குச் சரியாகிவிட்டது. சிராஜ் எனக்கும் ஆகாதவன், அவனுக்கும் ஆகாதவன்.

ஒன்றுதான் பாக்கி. இங்கே அறுந்தது அங்கேயும் அறுந்தால்தான் நிற்கும். நீ இனி பேகத்தோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. கிணற்றடியிலும் கூடாது. அவள் வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தாலும் திருப்பி அனுப்பு. அவள் மாப்பிள்ளைக்கு எழுதினால், அது வழியாக இங்கே மறுபடி ஒட்டிக்கொள்ளும். மண் கலந்தவனின் பெண்சாதியிடம் உனக்கு என்ன உறவு?

அண்ணன்
மைதீன் பிச்சை


786
தாராவி, 22-6-1941

தங்கைக்கு அண்ணன் சலாம். சுகம்.

பதில் இல்லை. காய்ச்சலா? தபால்காரன் சந்துக்குள் நுழைந்தால் நான் எழுந்து நிற்கிறேன், ஷாகுலும் எழுந்து நிற்கிறான். இரண்டு பேருக்கும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அவனுக்காவது எழுதினாயா? எழுதினால் என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறான்.

அவன் என்னோடுதான் இருக்கிறான். கேட்டால் பதில் சொல்கிறான். சோறு போட்டால் சாப்பிடுகிறான். ஒரு நாள் நான் ஒரு வேடிக்கை சொன்னேன். "சரி மச்சான்" என்றான். வேடிக்கைக்கு யாராவது சரி என்பார்களா?

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. ஷாகுல் சுவர்ப் பக்கமே தலை வைத்துப் படுக்கிறான். நான் இடத்தை மாற்றிப் போடச் சொன்னேன். மாற்றிப் போட்டான். தூங்கவில்லை.

பேகம் காரியம் என்ன ஆயிற்று? உடனே எழுது.

மைதீன் பிச்சை


பேட்டை, 5-7-1941

மைதீன் பிச்சை அண்ணன் அவர்களுக்கு, சிராஜ் வீட்டிலிருந்து பேகம் சலாம் சொல்லி எழுதுவது. நஜ்மா சுகமாக இருக்கிறாள். நானும் சுகம்.

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் புதிதாக இருக்காது. சின்னாப்பா கொழும்புக்குப் போனதிலிருந்து நஜ்மாவுக்கு வரும் கடிதத்தை வாசிப்பதும், அவள் சொல்ல எழுதுவதும் நான்தான். அவளுக்கு அரபு எழுத்துத்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். தெருவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பொம்பளை வேறு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு தடவையாவது யோசித்திருந்தால் பேரைக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்கவில்லை. நாங்கள் சொல்லவில்லை. அது எங்கள் பக்கத்துத் தப்பு.

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். உப்புத் தடவப் பழகியவன் என்று எழுதியதையும் வாசித்தேன். அதில் பொய் இல்லை. உங்களிடம் தொழில் படித்ததை என் வீட்டுக்காரர் ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வார்கள். மே மாசக் கடிதத்தையும் வாசித்தேன். சொரிமுத்து என்ற பேர் வந்ததும் நஜ்மா, "நிறுத்துடி" என்றாள். "எழுதினதை வாசிக்கணும், அதான் என் வேல" என்று சொல்லி முழுதும் வாசித்தேன். என்னோடு பேசக் கூடாது என்ற இடத்தையும் என் வாயாலேயே வாசித்தேன். நஜ்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் இதை என் வீட்டுக்காரருக்கு எழுதவில்லை. எழுதினால் ஒரே தபாலில் எல்லாம் தெளிந்துவிடும். அவர்களுக்கு ஷாகுல் அண்ணன் திரும்பக் கிடைப்பார்கள். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து உங்கள் காரியம் வெளியே வந்தால் ஷாகுல் அண்ணன் உங்களை ஒருநாளும் மன்னிக்க மாட்டார்கள். நஜ்மா மாப்பிள்ளைக்கும் அண்ணனுக்கும் நடுவில் நிற்க வேண்டிவரும். எனக்கு அது வேண்டாம். ஆகையால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நோன்புப் பிறை தெரியும் வரை நான் எழுத மாட்டேன். அதற்கு மேல் என் வீட்டுக்காரரைப் பொய்யில் வைத்திருக்க என்னால் முடியாது.

இன்னொன்று. நஜ்மாவுக்கு நான் வேண்டும், எனக்கு அவள் வேண்டும். அதற்காக நீங்களும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் விரும்ப வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே. நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.
பேகம்


786
தாராவி, 16-7-1941

பேகத்துக்கு மைதீன் பிச்சை எழுதுவது. சலாம்.

என் தங்கைக்கு எழுதியதை வாசிக்க நீ யார்? தபாலை உடைத்தவள் மாதிரிதான் நீ. எனக்கு யாரும் கெடு வைத்ததில்லை, சேட்மார்கூட வைத்ததில்லை. நீ உன் மாப்பிள்ளைக்கு எழுது, நான் தடுக்கவில்லை. அவன் நம்பட்டும், நம்பாமல் போகட்டும்.

என் தங்கை உன் கையைப் பிடித்து அழுதாளா? எனக்காக அழுதாளா, உனக்காக அழுதாளா? அதை நீ எழுதவில்லை.

மைதீன் பிச்சை


786
தாராவி, 1-10-1941

தங்கை நஜ்முன்னிசாவுக்கும், இதை வாசிக்கும் பேகத்துக்கும் மைதீன் பிச்சையின் சலாம். நான் சுகம். நோன்பு வைக்கிறேன். உங்கள் இரண்டு பேர் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

ஜூலையில் நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. வராது என்று தெரியும். நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு மாசம் நான் வேறு வழி தேடினேன். சொரிமுத்து மேலேயே பழியைப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். சொரிமுத்து பிழைப்புக்கு வாயை வைத்திருக்கிறவர், அது போனால் அவருக்கு ஒன்றுமில்லை. ஷாகுலை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும், "சோறு போடட்டுமா" என்றுதான் வந்தது. அவன் மெலிந்துவிட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்து மெலிகிறான். ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதும் ஆள் கூட இருப்பதும் ஒன்றில்லை என்று விளங்க எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

பிறை தெரிவதற்கு முந்தைய நாள், "என்கூட வாரும்" என்று ஷாகுலைக் கூட்டிக்கொண்டு சுவரைச் சுற்றிச் சிராஜ் ஷெட்டுக்குப் போனேன். சொரிமுத்துவும் அங்கேதான் இருந்தார், நல்லதாகப் போயிற்று. சிராஜ் சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மொதலாளி, வழி தவறிட்டீயளா?"

"இல்லவே. வழி இதான். ஷாகுல் சொன்னதா நீரு கேட்டது அவன் சொன்னதில்ல. நான் சொன்னது. நானே கட்டுனது."

சொரிமுத்து, "ஐயையோ, முருகா" என்றார்.

சிராஜ் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஷாகுலைப் பார்த்தான்.

"நாலு மாசம் போச்சேடா" என்றான்.

"நீ கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு பயந்தேன்."

தொட்டியிலிருந்து ஏறிவந்து, சுண்ணாம்புக் கையோடு அவன் தோளைப் பிடித்தான். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒருவன் போகச் சொல்லவில்லை, ஒருவன் இருக்கச் சொல்லவில்லை. நஜ்மா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இப்படி என்னை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். சுலைகா பார்த்திருப்பாள். நான் கவனித்திருக்க மாட்டேன்.

அன்று மாலையே ஷாகுல் பெட்டியை எடுத்துக்கொண்டான். "எங்கவே?" என்றேன். "அங்க எடம் இருக்கு மச்சான்" என்றான். பானையைப் பார்த்தான். "பான ஒங்களுது, இருக்கட்டும்" என்றான். கடைசியாக என்னிடம் பேசியது அதுதான். நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போனால் ஒரே வரிசையில் உட்காருகிறோம். கஞ்சி வருகிறது. சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்கிறார்கள், அது கடமை. அதற்கு மேல் இல்லை. இப்போது நடுவில் நிற்கிறவன் யாரும் இல்லை. அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் நான்.

பேகத்துக்கு: நீ வைத்த கெடுவுக்குள் சொல்லிவிட்டேன். உன் மாப்பிள்ளையின் சரக்கு சுத்தம் என்று என்னிடம் வாங்குகிற சேட்மார் எல்லாரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். எனக்காக அவனிடம் பேச வேண்டாம்.

நஜ்மாவுக்கு: நீ மாப்பிள்ளை பக்கம் நில். நான் கோபிக்க மாட்டேன். கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

மைதீன் பிச்சை


பேட்டை, 16-10-1941

அண்ணன் அவர்களுக்கு நஜ்முன்னிசாவின் சலாம், இதை எழுதும் பேகத்தின் சலாமும். நாங்கள் சுகம். நோன்பு கடைசிப் பத்துக்கு வந்துவிட்டது. பெருநாளைக்கு உங்களுக்கு யார் சோறு ஆக்குவார்கள் என்றுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

யாருக்காக அழுதேன் என்று பேகத்திடம் கேட்டீர்கள். அதை அவளே எனக்கு வாசித்தாள். உங்களுக்காகத்தான் அழுதேன். அவளுக்காக அழ என்ன இருக்கிறது, அவள்தான் பக்கத்தில் இருந்தாளே.

யார் பக்கம் நில் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கிணற்றடியில் நின்றுகொள்கிறேன்.

போன வாரம் என் வீட்டுக்காரர் கடிதம் வந்தது. நாலு பக்கம். சிராஜ் அண்ணன் செம்பூரில் இடம் முடித்தது, நோன்புக் கஞ்சியில் உப்புக் குறைந்தது, சொரிமுத்து இப்போது வாய்க்குள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசாமல் இருப்பது எல்லாம் இருந்தது. உங்கள் பேர் இல்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். இல்லை. மூன்றாம் தடவை வாசிக்கும்போது பேகம் ஒரு இடத்தில் நிறுத்தினாள். "குடோனில் படுக்கிறவர் விடியவிடிய இருமுகிறார். சுவர் வழியாகக் கேட்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் கெடுகிறது." இவ்வளவுதான் எழுதியிருந்தது.

நீங்கள் எல்லாக் கடிதத்திலும் சுகம் என்றே எழுதுகிறீர்கள்.

பேகமும் நானும் சேர்ந்து சித்தரத்தையும் திப்பிலியும் இடித்துப் பொடி பண்ணி, பனங்கற்கண்டு சேர்த்து, டப்பாவில் அடைத்துப் பார்சலில் போட்டிருக்கிறோம். விடியுமுன் சஹர் சாப்பிட்ட பிறகு ஒரு தடவையும் படுக்கும் முன்பு ஒரு தடவையும் சாப்பிட வேண்டும்.

பார்சலை உங்கள் பேருக்கு அனுப்பவில்லை. சிராஜ் அண்ணன் ஷெட் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறோம். உள்ளே இருப்பது யாருக்கு என்று அவர்கள் இரண்டு பேருக்கும் எழுதவில்லை. நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

நஜ்முன்னிசா சொல்ல, பேகம் எழுதியது